இரவல் வாங்கிய கத்தரிக்கோல்



முன்னாள் மாணவர்கள் நிறுவிய இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நடக்கிறதோ அவருடைய பெயர் எனக்குப் பின்னால் உள்ள பதாகையில் இருக்கிறது. எனக்கு அவர் என்றைக்கும் ‘சயின்ஸ் சார்’தான். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியின் ஆய்வுக்கூடம் என்பது ஒரு மர பீரோவும் ஒரு நீள மேசையும். பீரோவின் சாவி சாருடைய சட்டைப் பையில் இருக்கும். ஆர்வத்தோடு கேட்கிற பிள்ளைக்கு லென்ஸ், இடுக்கி, கத்தரிக்கோல் எதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். ஒரே நிபந்தனை, நோட்டில் எழுத வேண்டும். பொருள், வாங்கியவர், வாங்கிய நாள், திருப்பிய நாள் என்று நான்கு கட்டம் போட்ட நாற்பது பக்க நோட்டு அது.

ஒரு கோடை விடுமுறையில் செம்பருத்திப் பூவின் சூலகத்தை வெட்டிப் பார்ப்பதற்காகச் சிறிய கத்தரிக்கோல் ஒன்றை வாங்கிப் போனேன். ஜூன் மாதம் திருப்பிக் கொடுக்கும்போது அதன் மூட்டில் துரு ஏறியிருந்தது. சார் திட்டவில்லை. கொஞ்சம் சாம்பலும் தேங்காய் எண்ணெயும் கொடுத்து, மேசை ஓரத்தில் உட்கார்ந்து தேய்க்கச் சொன்னார். துரு போன பிறகு திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இரவல் வாங்கினது, வாங்கினப்போ இருந்ததைவிட நல்லா இருக்கணும் தம்பி. அப்பதான் அடுத்தவன் கேட்கிறப்போ கொடுக்க மனசு வரும்” என்றார். அதற்குப் பிறகுதான் நான்காவது கட்டத்தில் தேதி எழுத விட்டார்.

பிற்காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரித் தொழில்நுட்பம் கற்பித்தேன். மரபணுப் பொறியியலின் ஒவ்வொரு கருவியையும் மாணவர்களுக்கு விளக்கும்போதும் அந்த நோட்டு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. மரபணுவை வெட்டுகிற கருவி, ஒட்டுகிற பசை, ஏற்றிச் செல்லும் வண்டி, நகல் எடுக்கும் பொறி, பிழை திருத்தும் பேனா எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களிடம் நாம் இரவல் வாங்கியவை. அந்த இரவல் கணக்கை, யாரிடம் எதை வாங்கினோம், வாங்கியதைக் கொண்டு என்ன செய்தோம், திருப்பிக் கொடுத்தோமா என்று வரிசையாகப் பார்ப்பதே இன்றைய என் உரை.

ஓர் எழுத்து

கருவிகளுக்கு முன்னால், அவை வேலை செய்கிற பொருளைப் பார்த்துவிடுவோம். நம் உடலில் உள்ள பெரும்பாலான செல்களின் உட்கருவில் டி.என்.ஏ. என்ற இழை சுருண்டு கிடக்கிறது. ஒரு செல்லில் உள்ள இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். இரண்டு இழை முறுக்கிய நூலேணி போன்ற அதன் வடிவத்தை 1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வுக்கூடத்தில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் அதற்குப் பெருந்துணையாக இருந்தது. அந்த ஏணியின் படிகள் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆனவை. ஏ எதிரில் டி வரும், ஜி எதிரில் சி வரும். மனிதனுக்கு இப்படி ஏறக்குறைய 300 கோடிப் படிகள். இந்த எழுத்து வரிசையில், ஒரு புரதத்தை இப்படிச் செய் என்று சொல்லும் பகுதியைத்தான் பெரும்பாலும் மரபணு என்கிறோம். மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலமாகக் கோத்து, செல் புரதத்தைச் செய்கிறது.

தமிழில் ஓர் எழுத்து மாறினால் அறம் மறமாகிவிடும். உடலிலும் அப்படித்தான். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் புரதத்துக்கான ஒரு மரபணுவில், ஆறாவது அமினோ அமிலத்துக்குரிய இடத்தில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டும். நடு எழுத்து மாறி ஜி-டி-ஜி என்று ஆனால் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்காருகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்துவிட்டால், ஆக்சிஜன் குறையும்போது அந்தக் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் வட்டத்தை இழந்து அரிவாள்போல் வளைகின்றன. நுண்ணிய நாளங்களில் சிக்கி அடைக்கின்றன. கை கால் மூட்டில் தாங்க முடியாத வலி வருகிறது. இதுவே அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இதை முதன்முதலாக 1952இல் பதிவு செய்தது நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம்தான். அந்த ஒற்றை எழுத்துக்கு உரையின் முடிவில் திரும்பி வருகிறேன்.

மாலைமாற்று

நோட்டில் முதல் பதிவு கத்தரிக்கோல். கொடுத்தவர் பாக்டீரியா.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவை தம் டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதையே தம் தொழிற்சாலையாக்கிக்கொள்ளும். இந்தப் படையெடுப்பைத் தடுக்கப் பாக்டீரியா வெட்டு நொதிகளை வைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஓர் எழுத்து வரிசை எங்கே தென்பட்டாலும் அந்த நொதி அங்கே நறுக்கிவிடும். அப்படியானால் சொந்த டி.என்.ஏ. வெட்டுப்படாதா? அந்த வரிசை தன் இழையில் வரும் இடங்களிலெல்லாம் பாக்டீரியா மெத்தில் என்ற சிறு வேதிக் குறியைப் பூசி வைத்துக்கொள்கிறது. நிலைவாசலில் மஞ்சள் பூசியிருந்தால் நம் வீடு என்று தெரிந்துகொள்வதைப் போல, குறி பூசிய இடத்தை நொதி தொடாமல் விட்டுவிடும். இந்த நொதிகளை வெளிக்கொணர்ந்ததற்காக வெர்னர் ஆர்பர், ஹாமில்டன் ஸ்மித், டேனியல் நேதன்ஸ் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு நொதியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஈகோ ஆர்-1. அது தேடும் வரிசை ஜி-ஏ-ஏ-டி-டி-சி. எதிர் இழையில் இதற்கு இணையாக சி-டி-டி-ஏ-ஏ-ஜி இருக்கும். எதிர் இழையை எதிர்த்திசையில்தான் படிக்க வேண்டும் என்பது டி.என்.ஏ.வின் விதி. படித்துப் பாருங்கள், அங்கேயும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்றே வரும். ‘விகடகவி’ என்ற சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதானே! தமிழ் யாப்பில் இதற்கு மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அப்படிப் பாடியிருக்கிறார். நான் வகுப்பில் வெட்டு நொதியைச் சொல்லித் தரும்போது மாலைமாற்றிலிருந்தே தொடங்குவேன். ஒருமுறை சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இரு இழையிலும் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே அந்த நொதி வெட்டுகிறது. வெட்டு நேர்க்கோடாக விழாமல் படிக்கட்டுபோல் விழுவதால், ஒவ்வொரு துண்டின் நுனியிலும் ஏ-ஏ-டி-டி என்று நான்கெழுத்து வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதியால் வெட்டிய எந்த உயிரின் துண்டுக்கும் அதே வால்தான். தவளையின் துண்டும் பாக்டீரியாவின் துண்டும் வாலோடு வால் கோத்துக்கொள்ளும். பிறகு லைகேஸ் என்ற ஒட்டு நொதி அந்த இணைப்பை நிரந்தரமாக்கும். வெட்டுவது ஒன்று, ஒட்டுவது இன்னொன்று. இரண்டும் இரவல்.

மூன்றாவது இரவல் வண்டி. பாக்டீரியாவுக்குள் அதன் பெரிய குரோமோசோமைத் தவிர, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களும் இருக்கும். மருந்துகளை எதிர்க்கும் திறனைப் பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்வது பெரும்பாலும் இந்த வளையங்கள் வழியாகத்தான். 1972இல் பால் பெர்க் இரு வேறு உயிர்களின் டி.என்.ஏ.வை ஒட்டிக் காட்டினார். 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் வளையத்தை வெட்டி, வேறு துண்டைச் செருகி, ஒட்டி, ஈ. கோலைக்குள் அனுப்பினார்கள். பாக்டீரியா பெருகப் பெருகச் செருகிய துண்டும் பெருகியது. அடுத்த ஆண்டு தவளையின் மரபணுத் துண்டும் அப்படிப் பெருகியது.

இதை ஆய்வுக்கூடத்தில் செய்வது எப்படி என்று ஓர் ஆசிரியராகச் சொல்லிவிடுகிறேன். கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறிய பாக்டீரியாவோடு பிளாஸ்மிட்டைச் சேர்த்துப் பனிக்கட்டியில் வைப்போம். பிறகு குழாயை 42 டிகிரி வெந்நீரில் ஒன்றரை நிமிடத்துக்கும் மிகாமல் வைத்து, மீண்டும் பனிக்கட்டிக்கு மாற்றுவோம். அந்தச் சூட்டு அதிர்ச்சியில் சில பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். எவை வாங்கின என்று எப்படித் தெரியும்? பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எதிர்க்கும் மரபணுவும் இருக்கும். ஆம்பிசிலின் கலந்த தட்டில் ஊற்றிப் பரப்பி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால், வாங்காதவை செத்துவிடும். வாங்கியவை மட்டும் காலையில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். ஒரு முறை இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் போய், உறைபெட்டியில் இருந்த நொதிகள் அத்தனையும் பாழாகி, மறுபடி வாங்கப் பணம் ஒதுக்கும்வரை ஒரு பருவமே போயிற்று. அடுத்த பருவத்தில் தட்டில் முதல் புள்ளியைப் பார்த்த மாணவி ஒருத்தி, அதைத் தொடாமல் என்னைக் கூப்பிட்டு வந்து காட்டினாள். கோலப்பொடி தெறித்தது போன்ற ஒரு புள்ளி. அதற்குள் ஒரே தாயிலிருந்து பிறந்த பல லட்சம் பாக்டீரியாக்கள்.

அத்தையின் மண்பானை

இந்தக் கத்தரிக்கோலால் மனிதகுலம் செய்த முதல் பெரிய நன்மை இன்சுலின்.

எங்கள் அத்தைக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை நோய். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்துக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி, மணல் பரப்பிய மண்பானைக்குள் வைத்திருப்பார். தினம் காலையில் கண்ணாடிச் சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தானே தொடையில் போட்டுக்கொள்வார். ஊசி போட்ட இடங்களில் தோல் குழி விழுந்தும் தடித்தும் போயிருக்கும். அந்தக் குப்பிக்குள் இருந்தது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகே தெரியும்.

இன்சுலினைக் கண்டறிந்தது 1921இல், கனடாவின் டொராண்டோ நகரில். பாண்டிங்கும் பெஸ்டும், மக்லியாட், காலிப் ஆகியோரின் துணையோடு அதைச் செய்தார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகளுக்குப் பட்டினியைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. அடுத்த அறுபது ஆண்டுகள் உலகத்தின் இன்சுலின் ஏறத்தாழ முழுவதும் இறைச்சிக்கூடங்களில் கிடைத்த பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்தே வந்தது. 8 அவுன்ஸ் தூய இன்சுலினுக்கு 2 டன் பன்றி உறுப்புகள் வேண்டும் என்பது அக்காலக் கணக்கு. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியின் இன்சுலின் அதில் ஒன்றில் மாறுபடும், மாட்டினுடையது மூன்றில். அந்தச் சிறு வேற்றுமையும் மருந்தில் மிஞ்சிய கலப்பும் சேர்ந்து சிலருடைய உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கலிபோர்னியாவில் போயரும் சேர்ந்து தொடங்கிய ஜெனன்டெக் நிறுவனமும், சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையத்தின் இடாகுரா, ரிக்ஸ் ஆகியோரும் 1978இல் ஒரு காரியம் செய்தார்கள். இன்சுலின் இரண்டு சங்கிலிகளால் ஆனது; ஒன்றில் 21 அமினோ அமிலங்கள், மற்றதில் 30. இரண்டுக்கும் உரிய மரபணுக்களை எழுத்து எழுத்தாக வேதியியல் முறையில் கோத்து, தனித்தனி பிளாஸ்மிட்டில் செருகி, தனித்தனி ஈ. கோலைக் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் ஒரு சங்கிலியைச் செய்தது, மற்றக் கூட்டம் மற்றதைச் செய்தது. பிரித்தெடுத்து இணைத்தபோது கிடைத்தது மனித இன்சுலின். 1982இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. மரபணுப் பொறியியலில் பிறந்து மருந்துக்கடைக்கு வந்த முதல் மருந்து அதுதான்.

நல்ல தீனி கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இட்லி மாவு ராத்திரியில் பொங்குவது எப்படி என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே நுண்ணுயிர் வேலைதான், எஃகுக் கலத்தில், அளந்த வெப்பத்தில், அளந்த காற்றில் நடக்கிறது. சில நிறுவனங்கள் ஈ. கோலைக்குப் பதில் ஈஸ்ட்டைப் பயன்படுத்துகின்றன. சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023இல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். அவர்களில் இன்சுலின் தேவைப்படுவோர் அனைவருக்கும் இறைச்சிக்கூடத்தை நம்பியிருந்தால் எங்கே போவோம்?

பாசியும் வெந்நீர் ஊற்றும்

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விடாத வீடு இல்லை. அப்போது எல்லோர் வாயிலும் புழங்கிய பி.சி.ஆர். என்ற மூன்றெழுத்தும் ஓர் இரவல் கதைதான்.

பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வை நகல் எடுக்க மூன்று படி. 95 டிகிரிவரை சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். 55 டிகிரி அளவுக்கு ஆற்றினால், நாம் தேடும் பகுதியின் இரு முனைகளிலும் சிறு தொடக்கத் துண்டுகள் போய் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி அங்கிருந்து எதிர் இழையைக் கோத்துக்கொண்டே போகும். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும். 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகும். கேரி மல்லிஸ் 1983இல் இதை எண்ணிக் கண்டார். பத்து ஆண்டு கழித்து நோபல் பெற்றார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. 95 டிகிரிச் சூட்டில் சாதாரண நொதி முட்டையின் வெள்ளைக்கருபோல் கெட்டியாகி வீணாகிவிடும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது.

தீர்வு பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது, வேறு ஒருவருடைய அலமாரியில். 1966இல் தாமஸ் பிராக் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் கொதிநீர் ஊற்றுகளில், இவ்வளவு சூட்டில் எந்த உயிராவது வாழ்கிறதா என்று தேடினார்கள். ஒரு பாக்டீரியா கிடைத்தது. அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். வெந்நீரிலேயே வாழும் அதன் நொதி வெந்நீரில் கெடுவதில்லை. அந்த நொதிதான் பி.சி.ஆரை உலகம் முழுக்கக் கொண்டு போயிற்று. பிராக் மருந்தோ லாபமோ தேடி ஊற்றங்கரைக்குப் போகவில்லை, அறிந்துகொள்ளப் போனார். மாணவர்களே, இதனால் என்ன பயன் என்று உங்களை யாராவது கேட்டால் அந்த ஊற்றங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுத்த துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்க அகரோஸ் என்ற கூழ்ப்பலகையில் மின்சாரம் செலுத்துவோம். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் தன்மை இருப்பதால் நேர்முனையை நோக்கி ஓடும்; சிறிய துண்டு முன்னே, பெரியது பின்னே. அகரோஸும், பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஊற்றும் அகரும் கடற்பாசியின் கொடை. நோன்புக் காலத்தில் கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் துண்டு போடும் கடல்பாசி இந்த அகர்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி, இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அகர் செய்ய அது மூலப்பொருள். அந்தப் பெண்களுடைய மூச்சுக்கும் இந்தத் துறையின் மேசைக்கும் உள்ள உறவை எந்தப் பாடநூலும் எழுதுவதில்லை. நான் இந்த மேடையிலாவது பதிவு செய்கிறேன்.

வயலுக்குப் போன கடன்

செடிக்குள் மரபணுவை எப்படிச் செலுத்துவது? அதற்கும் ஆசிரியர் ஒரு மண் பாக்டீரியா, அக்ரோபாக்டீரியம். செடியின் தண்டில் காயம் பட்ட இடத்தில் நுழைந்து, தன் பிளாஸ்மிட்டின் ஒரு துண்டை அது செடியின் குரோமோசோமிலேயே செருகிவிடும். அங்கே கட்டி வளரும். கட்டி வளர்க்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை அங்கே வைத்தால் அதையே கொண்டு போய்ச் செருகும். மேரி-டெல் சில்டன், மார்க் வான் மான்டகு, ஜெஃப் ஷெல் ஆகியோரின் குழுக்கள் 1983 வாக்கில் இதைச் செய்து காட்டின.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா செய்யும் படிகப் புரதம், புழுவின் காரத்தன்மை உள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் துளை போட்டுப் புழுவைக் கொல்லும். அதன் மரபணுவைப் பெற்ற பி.டி. பருத்திக்கு இந்தியா 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. முதல் ஆண்டுகளில் காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து குறைந்தது. விவசாயிகள் விரும்பி வாங்கினார்கள். அந்த விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதைப் பை ஒன்றும் இருந்தது. வயலைச் சுற்றி அதை விதைத்தால், அங்கே பிழைத்த சாதாரணப் புழுக்கள், எதிர்ப்புத் திறன் பெற்ற புழுக்களோடு கலந்து அந்தத் திறனைப் பரவாமல் தடுக்கும். அது புகலிடப் பயிர். அந்தச் சிறு பை ஏன் வைக்கப்பட்டது என்று எத்தனை விவசாயிக்கு எடுத்துச் சொன்னோம்? பெரும்பாலான வயல்களில் அது விதைக்கப்படவே இல்லை. சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்குப் பழகிவிட்டது. நல்ல கத்தரிக்கோலில் நாமே ஏற்றிய துரு இது.

எல்லா மரபணு நுட்பமும் ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றுக்கு மாற்றுவது அல்ல. ஒடிசாவின் ஒரு பழைய நெல் ரகத்துக்கு இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் குணம் உண்டு. அந்தக் குணத்துக்குக் காரணமான சப்-1ஏ என்ற மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அதை அடையாளக் குறியாக வைத்துக்கொண்டு, வழக்கமான இனக்கலப்பு முறையில் நெல்லோடு நெல்லைக் கலந்து, நாற்றிலேயே டி.என்.ஏ. பரிசோதனை செய்து வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். சி.ஆர். 1009 சப்-1 அப்படி வந்ததுதான். ஐப்பசி மழையில் காவிரிக் கடைமடையில் சம்பா நாற்று மூழ்கும்போது வரப்பில் நின்று கண்கலங்கியவர்களுக்கு இந்த மரபணுவின் அருமை தெரியும்.

பேனா

கடைசி இரவல் பேனா. 1987இல் ஜப்பானில் ஈ. கோலையின் டி.என்.ஏ.வில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். ஸ்பெயின் நாட்டு உப்பளங்களின் நுண்ணுயிர்களிலும் அதையே கண்டு, பல ஆண்டு விடாமல் துரத்தியவர் பிரான்சிஸ்கோ மொஹிகா. அந்த வரிசைகளுக்கு நடுவே இருப்பவை முன்பு தாக்கிய வைரஸ்களின் துண்டுகள், பாக்டீரியா தன் பழைய எதிரிகளின் அடையாளத்தை எழுதி வைத்திருக்கிறது என்று அவர் சொன்னார். 2007இல் தயிர் உறையவைக்கும் பாக்டீரியாவில் அது நிரூபணமானது. அந்த அடையாளத்தை ஏந்திய ஆர்.என்.ஏ. என்ற சிறு இழை வழிகாட்ட, காஸ்-9 என்ற நொதி போய் அந்த இடத்தில் வெட்டும். வழிகாட்டியை மாற்றினால் வெட்டும் இடமும் மாறும் என்று 2012இல் ஷார்பென்டியேவும் டவுட்னாவும் காட்டினார்கள்; 2020இல் நோபல் பெற்றார்கள்.

இப்போது அந்த ஒற்றை எழுத்துக்குத் திரும்புவோம். அரிவாள் செல் நோயாளியின் எலும்பு மஜ்ஜைக்குரிய ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்று பெயர் பெற்ற இந்த நுட்பத்தால் ஒரு பூட்டை வெட்டிவிடுகிறார்கள். தாய் வயிற்றில் இருந்தபோது வேலை செய்து, பிறந்தபின் அடங்கிப்போகும் கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பூட்டு அது. பூட்டு போனதும் அந்த நல்ல ஹீமோகுளோபின் மறுபடி ஊறுகிறது. இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் ஒருவருக்கான விலை 22 லட்சம் டாலர். நீலகிரியில் ஒரு குழந்தை வலியில் சுருண்டு கிடக்கிறது. அதன் எழுத்துப் பிழை எதுவென்று நமக்குத் தெரியும், அதைச் சமாளிக்கவும் தெரியும். நடுவே நிற்பது விலை. இதைச் சொல்லும்போது என் மனம் ஆறுவதில்லை.

திருப்பிய நாள்

நோட்டின் நான்காவது கட்டத்துக்கு வந்துவிட்டோம். இயற்கைக்குப் பாக்டீரியாவின் நொதியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் வாங்கினபோது இருந்ததைவிட நன்றாக வைத்திருக்க முடியும். என் பார்வையில் அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அடக்கம். 1974இல் இந்தத் துறையின் முன்னோடிகளே சில சோதனைகளைத் தாங்களாக நிறுத்திவைத்தார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, எதைச் செய்யலாம், எந்தப் பாதுகாப்போடு செய்யலாம் என்று பேசி விதி வகுத்த பிறகே தொடர்ந்தார்கள். 2018இல் சீனாவில் ஒருவர் முறையான அனுமதி பெறாமல் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கச் செய்தார், சிறைக்குப் போனார். கருவில் செய்யும் திருத்தம் பேரன் பேத்திவரை போகும். அதைக் கேட்டு ஒப்புதல் தர அவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

இரண்டாவது, எடுத்துச் சொல்வது. புகலிடப் பயிரின் கதையைச் சொன்னேன். 2025 மே மாதம் மரபணு திருத்திய நெல் ரகங்கள் இரண்டை இந்தியா அறிவித்தது. அதைப் பற்றிப் பயமும் வரலாம், வரவேற்பும் வரலாம். எதுவானாலும் தெரிந்துகொண்டு வர வேண்டும். விவசாயிக்கும் நோயாளிக்கும் புரியும் தமிழில் இதை எழுதுவது நம் கடமை. மொழிபெயர்ப்பில் வராத தமிழில், மாலைமாற்றும் மண்பானையும் உள்ள தமிழில்.

மூன்றாவது, பகிர்வது. இன்சுலின் காப்புரிமையைக் கண்டுபிடிப்பாளர்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்தார்கள். 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், ஈஸ்ட்டில் செய்த ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை, இறக்குமதியான ஊசியின் விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தது. 2011 முதல் அந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோபிலியா-ஏ நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்களிலேயே பழுதுபட்ட மரபணுவின் நல்ல நகலைச் சேர்த்து, ரத்தக்கசிவு நின்றதை 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். மரபணுவைச் சுமந்து சென்ற வண்டி, நோயூட்டும் திறன் நீக்கிய ஒரு வைரஸ். அதுவும் இரவல்தான். ஆனால் வேலை நடந்தது நம் ஊரில், நம் மருத்துவர்கள் கையால். இதே கைகள் நீலகிரிக் குழந்தையின் விலையையும் குறைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அத்தை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் போட்டுக்கொண்டது பாக்டீரியா செய்த மனித இன்சுலின். தொடையில் புதிதாகக் குழி விழவில்லை. மண்பானை மட்டும் பழக்கத்தால் அடுப்படி மூலையிலேயே இருந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் ஒரு நுண்ணுயிரிடம் இரவல் வாங்கி, துருப்பிடிக்காமல் கைமாற்றி, எங்கள் வீட்டுவரை கொண்டு வந்து சேர்த்த இன்சுலின் அது. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, அடுத்து அந்தக் கத்தரிக்கோல் உங்கள் கைக்கு வருகிறது. வாங்கிய நாளை எழுதிக்கொள்ளுங்கள்.